விதி எண் பதினேழு

இன்று மின்சாரம்
மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை.
முப்பத்தெட்டாம் தெரு முழுக்க
முதலில் தண்ணீர் மோட்டார் போடுகிறது,
பிறகு சோறு வைக்கிறது.
நான் கடைக்குப் பின்னறையில்
முதலாளியின் அஞ்சல்பெட்டியைச் சலிக்க உட்காருகிறேன்.

உளுந்து, துவரை, பாசிப்பயறு ஏற்றுமதி.
பாசுண்டான் கிடங்கில் பெண்கள்
தரையில் அமர்ந்து கல் பொறுக்குவார்கள்.
எனக்கும் அதே வேலைதான்.
என் கல் மட்டும்
‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்கும்.

விதி ஒன்று: லாட்டரி என்று வந்தால் குப்பைக்கு.
விதி இரண்டு: அவசரம் என்று வந்தால் குப்பைக்கு.
இரண்டாவதை மறுநாளே எடுத்துவிட்டேன்.
தூத்துக்குடியிலிருந்து வருவதெல்லாம் அவசரம்.
கப்பல் நிற்கிறது, அவசரம்.
மாதிரி வரவில்லை, மிக அவசரம்.
கலியபெருமாள் அண்ட் சன்ஸ்
தீபாவளி வாழ்த்தையே அப்படித்தான் அனுப்புவார்கள்.

ஆகவே விலக்கு எழுதினேன்,
தெரிந்தவர்களுக்கு.
இந்த ஊரில் தெரிந்தவர் ஒருவருக்கு இரண்டு வரி வேண்டும்.
வீட்டில் வைரவன், உரிமத்தில் ஊ மியோ தெயின்.
சுங்கத் தரகர் எங்களுக்கு அண்ணாவி,
கடிதத்தில் கோ ஸா லின்.
என்னையும் சேர்த்தேன்:
செண்பகவல்லி, மா கின் ஸு.
இருவரும் ஒருவரையொருவர் அறிவார்கள்,
பெரும்பாலும்.

ஆடியில் ஒரு கடிதம்.
சிங்கப்பூர் சரக்கு முகவர் பெயரில்,
பழைய பணிவு, புதிய வங்கிக் கணக்கு.
முகவரியில் எல் இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்று என்ற எண் நின்றது, எல் போலவே மெலிந்து.
என் விதி எழுந்து கதவைத் திறந்துவிட்டது.
இரண்டு கன்டெய்னர் வாடகை போயிற்று.
முதலாளி திட்டவில்லை.
வெற்றிலையை ஓரமாய் ஒதுக்கிக்கொண்டு
‘தெரிஞ்சவன் பேரைச் சொன்னா நாயும் குரைக்காதும்மா’ என்றார்.

அன்றிலிருந்து பெயரை நம்புவதில்லை.
முழு முகவரி,
எழுத்துக்கு எழுத்து.

தம்பி போய்ப் பதினான்கு மாதம்.
வார்டு ஆபீஸ் பட்டியலில் அவன் பெயர் ஏறிய வாரம்
மியாவடி பஸ் ஏறினான்,
ஒரு பை, என் பழைய ஃபோன்.
எங்கள் கடைப் பலகையில் உள்ள முகவரிதான்
அவனுக்கு மனப்பாடம்.
அதற்குத்தான் அனுப்புகிறான்.
ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய பெட்டியிலிருந்தோ.
ஒரு தையற்கடையுடையது,
ஒருமுறை வெறும் எண்களால் ஆனது.
பொருள் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.
உள்ளே ஒரு சொல்லும் இல்லை.
படம் மட்டும்.
தட்டில் பாதிச் சோறு.
ஈரமான செருப்பு ஜோடி.
ஒரு ஜன்னல், அதில் அவன் முழங்கை.

தெரியாத அனுப்புநர், தலைப்பில்லை,
உரையில்லை, இணைப்பு உண்டு.
குப்பை எப்படி இருக்கும் என்று
மென்பொருள் சொல்லித் தருகிறதோ
அச்சு அசல் அப்படியே இருக்கிறான்.
அந்த முழங்கையைக்
குப்பையிலிருந்துதான் எடுத்தேன்,
இருபத்தொன்பதாம் நாள்.
முப்பதில் தானாக அழிந்திருக்கும்.

எழுத்துக்கு எழுத்து என்றால்
எந்த எழுத்தை எழுத?

ஒன்பதுக்குப் பத்து நிமிடம்.
விதி பதினேழு:
பொருளில்லாமல், சொல்லில்லாமல் வருவது எதையும்
குப்பைக்கு அனுப்பாதே.
சேமித்தேன்.
பழையவற்றுக்கும் பொருந்தட்டும் என்றேன்.
நாற்பத்தொரு கடிதங்கள்
ஒன்றாக உள்ளே வந்தன.
நீலப் பொத்தான் ஒன்று.
கைக்கடிகாரம், தள்ளுபடியில்.
யாருடையதோ மருந்துச் சீட்டு.
பிறகு ஒரு வெள்ளைச் சதுரம், திறந்தாலும் வெள்ளை.

நாளை முதலாளி கேட்பார்,
ஏன் இவ்வளவு கல் என்று.
சலிக்கிறேன் என்பேன்.
சலிக்கவில்லை.

ஏழாவதைத் திறக்கும்போது விளக்குப் போயிற்று.
தெரு ஒரே குரலில் ‘அடச்சே’ என்றது, இரண்டு மொழியில்.
பேட்டரி பதினோரு சதவீதம்.
இன்னும் முப்பத்துநாலு.